சார், கல்லு!

ஜூலை 1

இன்று காலை உலகக் கல்வி வரலாறு ஒரு கணம் நின்று, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி நடக்க ஆரம்பித்தது. எங்கள் தலைமையாசிரியர் ஞானதிரவியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். ஒவ்வோர் ஆசிரியரும் ‘எனது கல்விக் கோட்பாடு’ என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அடுத்த மாதம் பார்வையிட வரும் அலுவலர் அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்பில் வந்து உட்காருவாராம்.

ஆசிரியர் அறையில் பூகம்பம். கோட்பாடு என்றால் என்ன, அது எங்கே விற்கிறது, கடனுக்குக் கிடைக்குமா என்று ஆளாளுக்கு அலைகிறார்கள். நான் மட்டும் மலைபோல் உட்கார்ந்து டீ குடித்தேன். ஏனென்றால் என்னிடம் சரக்கு இருக்கிறது. சங்கரவடிவேல் ஆகிய நான், பிள்ளைகள் வாயில் சனா வானா சார், பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், சோற்றில் கல் போடும் கோட்பாட்டின் தந்தை, தாய் மற்றும் தாய்மாமன்.

கோட்பாடு எளிது. தினமும் போர்டில் எழுதும் கணக்கு ஒன்றில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பேன். அதற்கு எங்கள் வகுப்பில் ‘கல்’ என்று பெயர். அதைக் கண்ட பிள்ளை கையெல்லாம் தூக்கக் கூடாது, அனுமதி கேட்கக் கூடாது, எழுந்து நின்று “சார், கல்லு!” என்று கூரை பறக்கக் கத்த வேண்டும். கண்டவருக்கு என் மேசை டப்பாவிலிருந்து ஒரு கடலை மிட்டாய். மணி அடிக்கும்வரை யாரும் காணவில்லை என்றால் மிட்டாய் வாத்தியாருக்கு.

போர்டில் இருப்பதெல்லாம் சரி என்று நம்பும் பிள்ளை, நாளைக்கு எவன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும். அதற்காகத்தான் இந்தக் கல். மிட்டாய்க்காக அல்ல.

ஜூலை 3

டாக்டர் சர்க்கரை ஏறியிருக்கிறது என்கிறார். என் மனைவி கோமதி வீட்டில் இனிப்பு என்ற சொல்லையே தடை செய்துவிட்டாள். டப்பா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஜூலை 8

மகத்தான நாள்! இன்று நான் போட்டது ஒரே ஒரு கல். பிள்ளைகள் கண்டுபிடித்தது மூன்று!

முதல் பெஞ்சில் போர்டை ஒட்டி உட்காரும் இசக்கிராணிதான் முதலில் எழுந்தாள்.

“சார், கல்லு! அங்க மூணு வரணும். எட்டு போட்டிருக்கீங்க.”

நான் போட்ட கல் அதுவல்ல. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “சபாஷ்! அது ரகசியக் கல். உன்னைச் சோதிக்க வச்சேன்” என்றேன். உடனே பின்னாலிருந்து இன்னொருவன், “சார், மேல மைனஸ்ஸக் காணோம்” என்றான். அதற்கப்புறம்தான் நான் போட்ட அசல் கல்.

போட்டதைவிட அதிகமாகப் பொறுக்குகிறார்கள். ஒரு விதை போட்டு மூன்று மரம் எழுப்பும் வகுப்பு உலகத்தில் வேறெங்கே உண்டு?

ஒரே ஒரு பையன்தான் கலந்துகொள்வதில்லை. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் நெட்டையாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அசைய மாட்டான், பேச மாட்டான், கொட்டாவிகூட விட மாட்டான். ஒழுக்கத்தின் சிலை. “அவனைப் பார்த்துக் கத்துக்கங்கலே” என்று மற்றவர்களிடம் சொன்னேன். வகுப்பே தலைகுனிந்தது. அவனுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 11

உலகம் கெட்டுக்கொண்டே வருகிறது. போர்டுக்குப் பெயின்ட் அடித்தவன் கறுப்பில் சாம்பலைக் கலந்திருக்கிறான். சாக்பீஸில் சுண்ணாம்பே இல்லை, வெறும் காற்று. பத்திரிகைக்காரர்கள் மை வாங்கக் காசில்லாமல் தண்ணீரில் அச்சடிக்கிறார்கள். சூரியனே அரைச் சம்பளத்தில் வேலை பார்ப்பதுபோல் இருக்கிறது. கோமதியிடம் சொன்னேன். “எனக்கு நல்லாத்தான் தெரியுது” என்றாள். அவள் எதையும் கேள்வி கேட்காத தலைமுறை.

ஜூலை 17

கோட்பாடுகள் வாசிக்கப்பட்டன. இப்படியொரு விழாவை நான் பார்த்ததில்லை.

நான்கு பேருடைய கோட்பாடு ஒன்றே. ‘குழந்தை மையக் கல்வியில் ஆசிரியர் ஒரு வழிகாட்டும் ஒளிவிளக்கு’ என்று ஆரம்பித்து, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே பூந்தோட்டத்தில் முடிந்தன. நான்கு விளக்கு, ஒரே எண்ணெய். உடற்கல்வி ஆசிரியருடையதுதான் உச்சம். எழுந்து நின்று கம்பீரமாக முதல் வரியை வாசித்தார்: “நீங்கள் கேட்டபடி, ஒரு பக்க அளவில் கட்டுரை இதோ.” அதையும் சேர்த்தே வாசித்தார். ஞானதிரவியம் கண்மூடி ரசித்து, “ஆரம்பமே அடக்கமா இருக்கு” என்றார்.

அடுத்து நான். கல்லின் பெருமையை வாசித்தேன். 

“போர்டுல தப்பா எழுதுறத கோட்பாடுன்னா எப்படி, சனா வானா?” என்றார் ஞானதிரவியம்.

“சார், தப்பே பண்ணாத வாத்தியார்கிட்டப் படிச்ச பிள்ளை, தப்பு பண்ற உலகத்துல எப்படிப் பிழைக்கும்?”

“பிள்ளை பிழைக்கிறது இருக்கட்டும். நூத்துக்கு நூறு பாஸ் வரணும்.”

அவருடைய கோட்பாடு அவ்வளவுதான். ஒரு வரி. ஆனால் சொந்தமாக எழுதியது. மதிக்கிறேன்.

ஜூலை 22

சோதனைக் காலம் தொடங்கிவிட்டது.

ஒரு தகப்பனார் தன் மகனுடைய மாதத் தேர்வு விடைத்தாளோடு வந்தார். சரியான விடைக்கு நான் தப்பு போட்டிருக்கிறேனாம். தப்பான விடைக்குச் சரி போட்டிருக்கிறேனாம். “இதுவும் கல்லுதான்” என்று விளக்கினேன். “விடைத்தாள்லயுமா சார் கல்லு போடுவீங்க?” என்றார். கல்வியின் ஆழம் புரியாதவர்.

அவர் போனதும் ஞானதிரவியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“சனா வானா, சுத்தி வளைக்கல. ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆபீசர் வராங்க. ஒங்க வகுப்புலதான் உக்காருவாங்க. அவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா பத்தாம் வகுப்பு ஒங்ககிட்ட இருக்காது.”

“யாருகிட்ட இருக்கும்?”

“சண்முகக்கனி டீச்சர்கிட்ட.”

கனி என் அக்கா மகள். போன வருஷம்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். நான் கைபிடித்து ஒன்றாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள். என் சிங்காசனத்தை எடுத்து என் மடியில் வளர்ந்தவளிடமே கொடுக்கிறார்களாம். மகாராஜாக்களுக்குத்தான் இப்படியெல்லாம் நடக்கும். அந்த வகையில் பெருமை.

எட்டாம் வகுப்புக்கு வேண்டுமானால் போகலாம் என்றார். எனக்கு எட்டாம் வகுப்பு மீது கோபமில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளை நான் ஆறாம் வகுப்பிலிருந்து கத்தவைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் இசக்கிராணி “சார்” என்று சொல்வதற்கே அழுவாள்.

ஜூலை 23

சாயங்காலம் கனி வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, ஹெட்மாஸ்டர் சொன்னாரு. எனக்கு வேண்டாம்னுட்டேன். ஆனா நீங்க ஒரு தடவை கண்ணக் காட்டுங்க.”

“எதுக்கு? என் கண்ணு கழுகுக் கண்ணு. இங்கருந்து மலை மேல நிக்கிற ஆட்டோட தாடியை எண்ணுவேன்.”

“அப்படியா? இது எத்தனை விரல்?” என்று சமையலறை வாசலில் நின்று கையை நீட்டினாள்.

“ரெண்டு” என்றேன், ஒரு நொடியும் தயங்காமல்.

 கோமதிதான் உள்ளேயிருந்து, “விரலா? அவ கரண்டியப் பிடிச்சிட்டுல்லா நிக்கா!” என்றாள்.

விரல் என்று கேட்டுவிட்டுக் கரண்டியைக் காட்டினால் அது யார் குற்றம்? கேள்வித்தாளே தப்பு. இந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு வினா எழுப்பவே தெரியவில்லை.

“மாமா, வெளையாடாதீங்க. புரை விழுந்திருந்தா ஒரு நாள் வேலைதான்.”

“ஆப்பரேஷன்னு ரெண்டு வாரம் வீட்ல உக்காந்தா, ஞானதிரவியம் மூணாவது வாரம் ஒன்ன அங்க ஒக்கார வச்சிருவாரு.”

“அதுக்காக?”

“அதுக்காக ஒண்ணுமில்ல. காப்பி ஆறுது, குடி.”

ஜூலை 29

ராஜதந்திரம். ஆபீசர் வந்து போகும்வரை கல் போடுவதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் அறிவித்தேன்: “இனி ஆறாம் தேதி முடியிறவரைக்கும் கல்லு கெடையாது. போர்டுல எல்லாம் சுத்தமான சோறு.” பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிராணி மட்டும், “அப்ப இனிமே தப்பு வந்தா என்ன சார் பண்ண?” என்று கேட்டாள்.

“எப்படி வரும்? நான்தான் போடலியே.”

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 1

கல் போடாத நான்காம் நாள். ஒரு “கல்லு” சத்தம்கூட இல்லை. எழுதுவதெல்லாம் வைரம். ஞானதிரவியம் வராந்தாவில் போகும்போது இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

ஒரே தொல்லை, சாக்பீஸ் அடிக்கடி விழுகிறது. நான் போர்டைவிட்டுத் திரும்பி விளக்க ஆரம்பித்தால் போதும், எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம். உடனே இசக்கிராணி எழுந்து போர்டுப் பக்கம் ஓடி அதைப் பொறுக்கிவிட்டு வந்து உட்காருகிறாள். என்ன பொறுப்பு! சாக்பீஸ் தூள் கைவிரலில் ஒட்டிக்கொண்டால் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். இவ்வளவு குருபக்தி இந்தக் காலத்தில் ஆச்சரியம்தான்.

ஜன்னலோரப் பையன் இன்றும் அசையவில்லை. அவனுக்கு இன்றும் ஒரு மிட்டாய்.

ஆகஸ்ட் 6

எழுத உட்கார்ந்து நெடுநேரமாகிறது. சரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் வாழ்க்கையில் இதுவும் ஒரு சோதனை முயற்சி.

அலுவலர் அம்மா காலையில் தலைமையாசிரியர் அறையில் என்னைக் கூப்பிட்டார். கையில் என் கோட்பாடு. “சார், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஒளிவிளக்கு படிச்சுப் படிச்சு எனக்கே கண்ணு கூசுது. இது ஒண்ணுதான் யாரோ உக்காந்து எழுதுன மாதிரி இருக்கு. இன்னைக்கு ஒரு கல்லு போடுங்க. பிள்ளைங்க எப்படிப் பிடிக்கிறாங்கன்னு நான் பாக்கணும். அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லாதீங்க.”

ஞானதிரவியத்தின் முகம் போன போக்கைப் படம்பிடித்து மாட்டலாம். நான் ஆகாயத்தில் நடந்து வகுப்புக்குப் போனேன். அம்மாவும் ஞானதிரவியமும் கடைசி பெஞ்சுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

கூட்டுத் தொடர் கணக்கு. இமயமலையில் அருவி இறங்குவதுபோல் இறக்கினேன், நடுவே விளக்கத் திரும்பியபோதெல்லாம் ஒரு ‘டொக்’. கடைசி வரியில், யாருக்கும் சந்தேகம் வராத இடத்தில், ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று கல்லை வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கத்தும் கல். திரும்பி நின்று விளக்கத்தை ஆரம்பித்தேன்.

டொக். இசக்கிராணி எழுந்தாள், பொறுக்கினாள், உட்கார்ந்தாள்.

விளக்கி முடித்தேன். காத்திருந்தேன். சத்தமில்லை.

“நல்லாப் பாருங்க. எல்லாம் சரியா?”

“சரி சார்!” வகுப்பே ஒரே குரலில்.

“கடைசி வரியைப் பாருங்கலே.”

“சரி சார்!”

நாலு வருஷமாகக் கத்தக் கற்றுக்கொடுத்த வகுப்பு. ஆபீசர் வந்திருக்கிற நாளில் ஏழெட்டில் கோட்டை விடுகிறது! என் கோட்பாடு கண்ணெதிரே மண்ணைக் கவ்வுகிறது. பொறுக்க முடியவில்லை. பிரம்பால் போர்டைத் தட்டினேன்.

“ஏலே, ஏழெட்டு ஐம்பத்து நாலா? ஒருத்தனுக்குமா தெரியல?”

பின்னாலிருந்து அலுவலர் அம்மாவின் குரல், மெதுவாக: “சார்… அம்பத்தாறுன்னுதான் இருக்கு.”

போர்டை நெருங்கினேன். இன்னும் நெருங்கினேன். மூக்கில் சாக்பீஸ் ஒட்டும் தூரத்துக்கு வந்தபின் தெரிந்தது. ஐம்பத்தாறு. உருண்டையான, அடக்கமான ஆறு. என் ஆறு அப்படி இருக்காது. என் ஆறு தொப்பையோடு இருக்கும்.

அதே தூரத்தில் நின்று மேலே பார்த்தேன். மூன்றாவது வரியில் ஒரு எட்டு, உருண்டையான எழுத்து. ஐந்தாவது வரியில் ஒரு மைனஸ், என்னுடையது அல்ல. ஒவ்வொரு வரியிலும் ஒரு சாக்பீஸ் விழுந்திருந்தது.

வகுப்பு மூச்சுவிடவில்லை. பயத்தால் வாயடைத்த வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன், அதை உடைக்கத்தான் இந்தக் கல்லையே கண்டுபிடித்தேன். இது வேறு விதமாக வாயடைத்த வகுப்பு. இதற்கு என்ன மருந்தென்று என் கோட்பாட்டில் எழுதவில்லை.

அப்போது முதல் பெஞ்சில் ஒரு உருவம் எழுந்தது.

“சார், கல்லு.”

கத்தவில்லை. கூரை பறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் இருந்த குரல்.

“எங்கம்மா?”

“போர்டுல இல்ல சார்.”

 வேறெங்கே என்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் வெளிச்சம் சரியில்லை.

விதி விதிதான். கண்டவருக்கு மிட்டாய். டப்பாவைத் தடவித் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆகஸ்ட் வெயிலில் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சளி பிடிக்கிறதோ.

ஆகஸ்ட் 7

அலுவலர் அம்மா பரந்த ஞானம் உள்ளவர். தீர்ப்பு: கண்ணைச் சரிசெய்துவிட்டு வரும்வரை பத்தாம் வகுப்பு கனியிடம். வந்தபின் ஒரு வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். ஞானதிரவியம் பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வகுப்பு திரும்ப என்னிடம். இல்லையென்றால் எட்டாம் வகுப்பு.

கனி டப்பாவை வாங்க வந்தாள். சாவியைக் கொடுத்தேன். உள்ளே எத்தனை மிட்டாய் என்று அவள் பார்த்த பார்வை சரியில்லை.

“மாமா, சர்க்கரை ஏறுனா கண்ணும் கெடும்னு டாக்டர் சொல்லலியா?”

“சொன்னாரு. நான் வேற யோசனையில இருந்தேன்.”

ஆகஸ்ட் 19

ஆப்பரேஷன். குடும்ப அமைதிக்காகச் சம்மதித்தேன். கத்தியைக் கண்டு நான் அஞ்சவில்லை என்பதற்கு, என் கையைப் பிடித்திருந்த நர்ஸம்மாவே சாட்சி. அந்தக் கை சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்.

ஆகஸ்ட் 22

கட்டுப் பிரித்தார்கள். என்ன ஆச்சரியம்! நான் படுத்திருந்த நேரத்தில் அரசாங்கம் சூரியனைப் பழுதுபார்த்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு மை கிடைத்துவிட்டது. சுவரில் நீலப் பெயின்ட் இருந்ததே எனக்குத் தெரியாது. கோமதிக்கு நெற்றியோரம் நரை விழுந்திருக்கிறது. அதைச் சொன்னேன். இன்று எனக்கு ரசம் மட்டும்.

ஆகஸ்ட் 27

கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்த என்னைப் பார்த்துக் கனி சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“மாமா, நான் தினமும் ஒரு கல்லு போட்டுப் பாக்குதேன். ஒரு பிள்ளையும் வாய் தெறக்க மாட்டேங்குது. இசக்கிராணிதான் மொத்த வகுப்புக்கும் தலைவி. ‘டீச்சர், கல்லுன்னு சொன்னதாலதான சார் வகுப்பு போச்சு’ங்கா.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்த சொல்ல? நீங்க வந்து சொல்லுங்க.”

இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நாலு வருஷம் உழுதேன். ஒரு நாள் கத்தியதற்குத் தண்டனை கிடைத்தது என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால், உழுததெல்லாம் கட்டாந்தரை. எட்டாம் வகுப்புக்குப் போனாலும் போகிறேன். இந்த ஒரு கணக்கை இப்படியே விட முடியாது.

செப்டம்பர் 10

புதுக் கண்ணாடியோடு வகுப்புக்குள் நுழைந்தேன். ஞானதிரவியம் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டார். கனி அவருக்குப் பின்னால்.

வருகைப் பதிவு எடுக்க நிமிர்ந்தேன். முதல் முறையாகக் கடைசி பெஞ்சு ஜன்னலோரப் பையனை நேருக்கு நேர் பார்த்தேன்.

அது சுருட்டிய உலக வரைபடம். யாரோ அதன் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்திருந்தார்கள்.

அவனுக்குக் கொடுத்தனுப்பிய மிட்டாய்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவனுக்குப் பக்கத்து இடத்துக்காரன் ஒருவன், கன்னம் உப்பி, நல்ல போஷாக்கோடு இருந்தான். என் கண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். “உக்காருலே. ஒழுக்கமான பையனுக்குப் பக்கத்துல இருந்தவன் நீ” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாம் என்று சொல்லவில்லையே.

போர்டில் கணக்கை எழுதினேன். பெயின்ட் அடித்தவன் திருந்திவிட்டான், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. எல்லாம் சரியாக எழுதினேன். கடைசி வரியில், அதே இடத்தில், ஏழெட்டு ஐம்பத்து நான்கு. தொப்பையோடு ஒரு நான்கு போட முடியுமென்றால் அன்று போட்டேன். திரும்பி நின்றேன்.

வகுப்பு பார்க்கிறது. தப்பைப் பார்க்கிறது, என் கண்ணாடியைப் பார்க்கிறது, ஜன்னலில் ஞானதிரவியத்தைப் பார்க்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞானதிரவியம் போர்டைப் பார்த்துத் தலையை இடதும் வலதுமாக ஆட்ட ஆரம்பித்தார். எனக்கு எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகம் கண்முன் வந்தது, மிகத் தெளிவாக.

டொக்.

இசக்கிராணி எழுந்தாள். அவளுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. நாலு வருஷமாக இருந்திருக்கும். கைக்குள் ஒரு சாக்பீஸ் துண்டை மறைத்துக்கொண்டு, குனிந்து, போர்டுப் பக்கம் நகர்ந்தாள்.

நான் போர்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தேன்.

“இசக்கி.”

நின்றுவிட்டாள்.

“சாக்பீஸ் எங்கயும் விழல. விழுந்த மாதிரிச் சத்தத்துக்குப் பொத்தானை எறிஞ்சது நீதான், அந்தா மேசைக்கு அடியில கெடக்கு, பச்சைப் பொத்தான். எடத்துல போய் உக்காரு.”

அவள் மேசைக்கு அடியில் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். அப்புறம் என் கண்ணாடியைப் பார்த்தாள், வலது கண்ணை, இடது கண்ணை, மறுபடி வலது கண்ணை. கடைசியில் போர்டைப் பார்த்தாள். இடத்துக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே மூச்சை இழுத்தாள்.

“சார், கல்லு!”

அதற்குள் பின்பெஞ்சிலிருந்து “கல்லு சார், கல்லு!”, நடுப்பெஞ்சிலிருந்து “கடைசி வரி சார், ஏழெட்டு!”, வரைபடத்துக்குப் பக்கத்தில் இருந்தவன் பெஞ்சின் மேல் ஏறியே நின்றுவிட்டான். பக்கத்து வகுப்பு உடற்கல்வி ஆசிரியர் தீ விபத்து என்று நினைத்து விசில் ஊதினார். கூரையில் இருந்த புறாக்கள் இலங்கைக்குப் போய்விட்டன. இது மிகையில்லை.

ஞானதிரவியம் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்தார். “சனா வானா, என்ன சத்தம் இது?”

“கோட்பாடு சார்” என்றேன்.

அவர் போர்டைப் பார்த்தார். “அது… நீங்க வேணும்னே போட்டதா?”

“நீங்களும் பாத்தீங்கல்ல? பின்ன ஏன் சார் கத்தல?”

கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஞானதிரவியம் கம்பிக்குள்ளிருந்து முகத்தை உருவினார். “எது எப்படியோ, நூத்துக்கு நூறு வரணும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். பத்தாம் வகுப்பு என்னிடமே இருக்கட்டும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

கனி மேசையில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தேன். உலக வரைபடத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை.

எனக்கு மிஞ்சவில்லை.